இளைய ராணியின் மஞ்சள்

செப்டம்பர் 9

சாரம் கட்டி முடித்துவிட்டார்கள். காலையில் மேல்தட்டில் ஏறி நின்றேன். படத்து ராஜாவின் மீசைக்கு நேராக என் மூக்கு இருந்தது. முப்பது வருஷமாகக் கீழே நின்று அண்ணாந்து பார்த்த மனுஷன். "இனி உம்ம பாடு எம் பாடு" என்று அவரிடம் சொல்லிவைத்தேன்.

அலுவலகத்துக்கு எழுதுவது வேலைக் குறிப்பு. அதில் கோபப்பட முடியாது. அதனால்தான் இந்த நோட்டு.

படம் வடமலைக்கோட்டை ஜமீனின் பட்டாபிஷேக தர்பார். எண்ணெய் வண்ணம், இருபத்திரண்டு அடி அகலம். ராஜா, இரண்டு ராணிகள், திவான், துரைமார், வாசல்காவலன் என்று ஒரு ஊரே நிற்கிறது. அரண்மனை அருங்காட்சியகமான பிறகும் படம் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது, ஏனென்றால் அதை வெளியே எடுக்க எந்த வாசலும் போதாது. மேலே பூசிய வார்னிஷ் பழுத்து, விளக்குப் புகை ஏறி, வருஷா வருஷம் ஆயுதபூஜைக்குக் காவலாளிகள் பளபளப்பு வேண்டுமென்று விளக்கெண்ணெய் தேய்த்து, மொத்தமும் கருப்பட்டிப் பாகு நிறத்துக்கு வந்துவிட்டது. அந்தப் பாகைத் துடைத்தெடுத்து உள்ளே இருப்பதை வெளியே கொண்டுவர வேண்டும்.

தை மாதம் திறப்பு. பிப்ரவரியோடு எனக்கு ஓய்வு. இத்தனை காலமும் நாணயம் கழுவினேன், செப்பேடு துடைத்தேன், ஜில்லா கலெக்டர்களின் உருவப்படங்களுக்கு ஒட்டுப் போட்டேன். இந்தப் படத்தை என் கையால் முடிக்காமல் வீட்டுக்குப் போக மாட்டேன்.

உதவிக்குச் சென்னையிலிருந்து இளம்பரிதி என்று ஒருவனை அனுப்பியிருக்கிறார்கள். வேலூர்க்காரன், வெளிநாட்டில் போய்ப் படித்தவன். என் செருப்பைப் பார்த்துவிட்டு, "மேடம், சாரத்துல வழுக்கும், ஷூ போட்டுக்குங்க" என்றான். வந்த அன்றே புத்தி சொல்ல ஆரம்பித்துவிட்டான்.

செப்டம்பர் 17

இன்று ராஜாவின் தலைப்பாகை. பஞ்சைக் குச்சியில் சுற்றி, கரைப்பானில் தோய்த்து, உருட்டி உருட்டி எடுக்க வேண்டும். தேய்க்கக் கூடாது. பஞ்சு பழுப்பாக வந்துகொண்டே இருந்தது. சாயங்காலம் அடியில் சரிகை தெரிந்தது. காவலாளி கொம்பையா கீழேயிருந்து, "எம்மா! ராசா முழிச்சுக்கிட்டாரே!" என்று கத்தினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பரிதி பார்க்காதபடி திரும்பிக்கொண்டேன்.

செப்டம்பர் 25

மண்டபத்தில் வெளிச்சம் போதவில்லை. புது விளக்கு நாலு கேட்டு வாங்கிப் போட்டாயிற்று. அப்படியும் அழுது வடிகிறது. காப்பாட்சியர் சம்சுதீன் சார், "இதுக்கு மேல விளக்குப் போட்டா படம் வெந்துபோயிரும்மா" என்கிறார்.

என் வீட்டுக்காரர் மின்வாரியத்தில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். கையோடு கூட்டிவந்து காட்டினேன். மீட்டரை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். "வோல்டேஜ் எல்லாம் கிண்ணுனுதான் இருக்கு, உலகம்மா. ஆடத் தெரியாதவ தெருக் கோணல்னாளாம்."

அவருக்கு மத்தியானம் ரசம் மட்டும்தான்.

அக்டோபர் 5

இந்தப் பஸ்காரர்கள் போர்டில் எழுத்தைச் சின்னதாக்கிக்கொண்டே போகிறார்கள். ஆலங்குளம் பஸ் என்று ஏறி, பாதி வழியில் இறங்கித் திரும்ப நடந்தேன்.

அக்டோபர் 11

ஆயுதபூஜை. கொம்பையா சந்தனக் கிண்ணமும் விளக்கெண்ணெய்ப் புட்டியுமாகச் சாரத்துக்கடியில் வந்து நிற்கிறார். மேலேயிருந்தே கத்தினேன்.

"கொம்பையா, கிட்ட வந்தீருன்னா இந்தக் குச்சியாலயே அடிப்பேன்."

"ஒரு சொட்டு மேடம். ராசா காலுக்கு மட்டும். எண்ணெ படாத ராசா எப்படி களையா இருப்பாரு?"

"நீரு இருபது வருஷமாத் தேய்ச்சதத்தான் நான் இப்ப வழிச்செடுக்கேன்."

மனுஷன் முகம் வாடிப்போனது. பாவமாக இருந்தது. சாரத்தின் கம்புக்கும் என் பஞ்சுப் பெட்டிக்கும் பொட்டு வைக்கச் சொன்னேன். பரிதியின் கணினிக்கும் ஒன்று வைத்தார். பொரிகடலை தின்றோம். நல்ல நாள்.

அக்டோபர் 22

சோப்பு என்று எதைத்தான் விற்கிறார்களோ! என் வீட்டுக்காரர் வேட்டி ஒன்றுவிடாமல் மஞ்சள் பூத்துக் கிடக்கிறது. சொட்டு நீலத்தை ஒரு மூடி விட்டு அலசினேன். போகவில்லை. இன்னொரு மூடி. அப்புறம் புட்டியைச் சாய்த்துவிட்டேன். இப்போதுதான் கொஞ்சம் வெள்ளை என்று சொல்லலாம்.

அக்டோபர் 28

நேற்று மச்சினர் மகன் கல்யாணம். பந்தியில் எல்லோரும் என் வீட்டுக்காரரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். என் நாத்தனார், "மைனி, அண்ணன் என்ன ஆகாசத்தக் கிழிச்சுக் கட்டிட்டு வந்திருக்காரா?" என்கிறாள். மூதி, என்னைக் குத்திக்காட்டுவதைவிட அவளுக்கு வேறு வேலை இல்லை. அவர் பாட்டுக்குப் பாயசம் குடித்துக்கொண்டிருந்தார்.

வரும் வழியில் மட்டும், "ஒரு நாளு கண்ணக் காட்டிட்டு வந்திருவமே" என்றார்.

"எனக்குக் கண்ணு குத்துதா, வலிக்கா? ராஜா மீசையில ஒவ்வொரு மயிரையும் எண்ணிக் காட்டட்டுமா?"

பேச்சு அதோடு முடிந்தது. உண்மைதானே, கோடெல்லாம் எனக்குக் கூர்மையாகத் தெரிகிறது. வேலை நடக்கும் சமயத்தில் ஆஸ்பத்திரி வாசலில் போய் உட்கார எனக்கு நேரமில்லை. கண் சரியில்லை என்று டாக்டர் சீட்டு ஒன்று மேலிடத்துக்குப் போய்ச் சேர்ந்தால் படத்தை யார் கையில் கொடுப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா என்ன?

நவம்பர் 6

இன்று பெரிய சண்டை. 

ராஜாவுக்கு இடப்பக்கம் மூத்த ராணி, சிவப்புச் சேலை. அவளுக்குப் பின்னால் இளைய ராணி. அழகென்றால் அப்படி ஓர் அழகு, கழுத்தைக் கொஞ்சம் சாய்த்து நிற்கிறாள். அவள் சேலையில்தான் இன்று கை வைத்தோம். பழுப்பு நீங்கியதும் அடியில் இன்னொரு மஞ்சள் வருகிறது. பழைய வார்னிஷ், இரண்டாம் அடுக்கு. நான் உருட்டிக்கொண்டே இருந்தேன். பரிதி என் கையைப் பிடித்துவிட்டான். என் கையை!

"மேடம், நிறுத்துங்க. பஞ்சைப் பாருங்க. இதுவரைக்கும் பழுப்பா வந்துச்சு. இது எலுமிச்சை மாதிரி வருது. வெள்ளைக்கு மேல மெல்லிசா ஒரு மஞ்சள் பூசியிருக்கார் ஓவியர். நாம எடுக்கிறது வார்னிஷ் இல்ல, சேலை."

"நீ பொறக்கதுக்கு முன்னால இருந்து நான் வார்னிஷ் எடுக்கேன் தம்பி."

"தெரியுங்க மேடம். புற ஊதா விளக்குல ஒரு தடவை பார்த்துடலாமே? வார்னிஷ் இருந்தா பச்சையா மின்னும்."

ஜன்னலை அடைத்து அந்த விளக்கைப் போட்டான். எனக்குப் பார்த்த இடமெல்லாம் பச்சைப் புகையாக இருந்தது. "மின்னுது பாரு, எல்லா எடமும் மின்னுது" என்றேன். அவன் படத்தைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

முன்னால் எடுத்த பஞ்சையும் இந்தப் பஞ்சையும் ஜன்னலோரம் கொண்டுபோய் வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒரே நிறம். பையன் கதை விடுகிறான். அவனுக்கு இந்தப் படத்தின் மேல் கண். இருக்காதா பின்னே, இப்படி ஒரு படம் யாருக்குக் கிடைக்கும்?

நாளையிலிருந்து அவனுக்கு வலது ஓரத்து வாசல்காவலனும் கம்பளமும். ராணி என் பொறுப்பு.

நவம்பர் 8

மழை. ஈரத்தில் வார்னிஷ் வேலை ஆகாது. சும்மா இருந்தால் கிறுக்குப் பிடிக்கிறது. அடுப்படி அலமாரியை மூன்றாம் தடவை துடைத்தேன்.

நவம்பர் 13

பரிதி, தங்கைக்கு நிச்சயதார்த்தம் என்று ஊருக்குப் போயிருக்கிறான். மண்டபம் நிம்மதியாக இருந்தது. ராணியின் சேலையை முந்தானை வரை முடித்துவிட்டேன். மடிப்புகள் அருமையாக வந்திருக்கின்றன. ஆனாலும் அந்த மஞ்சள் சாடை முழுதாகப் போக மாட்டேன் என்கிறது. போகட்டும், அதற்கு மேல் துடைத்தால் வண்ணம் போய்ப் படத்தின் துணியே தெரியும் என்று எனக்கே ஒரு பயம் வந்து கையை எடுத்துக்கொண்டேன்.

கொம்பையா சாப்பாட்டுத் தூக்கோடு வந்தவர் வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார். "என்ன கொம்பையா, எப்படி இருக்கா ராணி?" என்றேன். "நல்லாத்தான் இருக்காவ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஆயுதபூஜைக் கோபம் இன்னும் தீரவில்லை போல.

நவம்பர் 16

பரிதி வந்துவிட்டான். சேலையைப் பார்த்தான்.  சாரத்தின் படியில் உட்கார்ந்து தலையைக் கையில் தாங்கிக்கொண்டான். பயணக் களைப்பு.

நவம்பர் 25

இதை எழுதாமல் இருக்க முடியாது. எழுதவும் முடியவில்லை.

ஜமீன் குடும்பத்தில் இப்போது இருப்பவர் சங்கரவடிவு நாச்சியார். ஐம்பது வயதிருக்கும், தென்காசிப் பக்கம் அரிசி ஆலை நடத்துகிறார். படம் எப்படி வருகிறதென்று பார்க்கட்டும் என்று சம்சுதீன் சார்தான் அழைத்திருந்தார். நான் இஸ்திரிபோட்ட சேலை கட்டி, தலையில் பூ வைத்துக்கொண்டு போயிருந்தேன்.

ராஜாவைப் பார்த்து அந்தம்மா கும்பிட்டார். திவானைப் பார்த்துச் சிரித்தார். இளைய ராணியிடம் வந்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"எங்க பூட்டிய என்ன செஞ்சிய?"

என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

"ராசா இருக்கும்போதே மஞ்சளும் குங்குமமுமாப் போய்ச் சேந்தவுக. தை மாசம் மஞ்சச் சேலை வச்சுக் கும்பிடுதோம் நாங்க, எங்க வீட்டுச் சாமி. கழுத்துல தாலி கெடக்கு, நெத்தியில பொட்டு இருக்கு, சேலை மட்டும் வெள்ளையா? நல்லா இருந்த பொம்பளைய ஏன் அறுதலியாக்கிட்டிய?"

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. முப்பது வருஷ வேலையை ஒருத்தி வந்து வாயால் அழிப்பதா? விரலை நீட்டி, மண்டபம் அதிரச் சொன்னேன்: "கண்ணத் தொறந்து பாருங்கம்மா. மஞ்சளாத்தான இருக்கு!"

நாச்சியார் படத்தைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். கோபம் போய் வேறு என்னவோ அவர் முகத்தில் வந்தது. சம்சுதீன் சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கொம்பையா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பரிதிதான் இடையில் புகுந்து, "இன்னும் வேலை பாதியிலதாங்க இருக்கு. அந்த மஞ்சள் திரும்ப வரும். நான் பொறுப்பு" என்று அவரைக் கூட்டிக்கொண்டு வெளியே போனான்.

நான் கொம்பையாவைப் பிடித்துக்கொண்டேன்.

"அந்தச் சேலை என்ன நெறம்?"

"நான் என்னத்தக் கண்டேன் மேடம்..."

"சொல்லும்."

"வெள்ளை, மேடம். பால் வெள்ளை."

"எப்பருந்து?"

"நீங்க தொடச்ச அன்னையிலருந்து."

நவம்பர் 26

போகவில்லை. தலைவலி என்று சொல்லி அனுப்பினேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நவம்பர் 29

திருநெல்வேலியில் கண் ஆஸ்பத்திரி. சின்னப் பெண் டாக்டர், என் மகளாக இருக்கலாம். விளக்கை அடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள், "ரெண்டு கண்ணுலயும் புரை நல்லா முத்திருச்சும்மா. பழுப்பேறிக் கெடக்கு. மஞ்சக் கண்ணாடி போட்டுட்டுப் பாக்கற மாதிரிதான் எல்லாம் தெரிஞ்சிருக்கும். இது ஒரு நாள்ல வர்றது இல்ல. கொஞ்சங் கொஞ்சமா வர்றதால பலபேருக்குத் தெரியறதே இல்ல. நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

 "அரசாங்க வேலை" என்றேன்.

டிசம்பர் 6

நேற்று வலது கண்ணுக்கு அறுவை. இன்று காலை கட்டைப் பிரித்தார்கள்.

திரைச்சீலை நீலம். அப்படி ஒரு நீலம் உலகத்தில் இருப்பதையே மறந்துபோயிருக்கிறேன். என் சேலையைப் பார்த்தேன், ரவிக்கை பச்சை, சேலை ஊதா, சகிக்கவில்லை. அப்புறம் கட்டிலோரம் நின்ற அவரைப் பார்த்தேன். தலை பஞ்சாக வெளுத்திருந்தது. இடுப்பில் வேட்டி பளீரென்று நீலம்.

"என்னங்க இது?"

"நீ போட்ட நீலந்தான். எட்டு வேட்டியும் இப்படித்தான் கெடக்கு."

"ஒரு வார்த்த சொல்லப்படாதா?"

"சொன்னா நீ கேப்பியாக்கும்."

நான் அழுதேன். கண்ணில் தண்ணீர் படக்கூடாது என்று நர்ஸ் வந்து சத்தம் போட்டாள்.

டிசம்பர் 18

கறுப்புக் கண்ணாடியோடு மண்டபத்துக்குப் போனேன். சாரத்தில் ஏறக் கூடாதாம். கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். பரிதியும் கொம்பையாவும் எதற்கோ வெளியே போனார்கள். எனக்காகத்தான் போனார்கள்.

கண்ணாடியைக் கழற்றினேன். வலது கையால் வலது கண்ணைப் பொத்தினேன். இடது கண்ணில் அவள் மஞ்சள் சேலையில் நிற்கிறாள். கையை மாற்றினேன். வெள்ளை. தாலியோடு, பொட்டோடு, பளீர் வெள்ளை. மறுபடி மாற்றினேன். சுமங்கலி. மாற்றினேன். அறுதலி. எத்தனை தடவை மாற்றினேனோ தெரியாது. ராஜா பக்கத்தில் ஒன்றும் தெரியாதவர் மாதிரி உட்கார்ந்திருக்கிறார்.

ஐயோ, என்ன காரியம் செய்துவிட்டேன்!

டிசம்பர் 19

சம்சுதீன் சார் அறையைச் சாத்திக்கொண்டு பேசினார். நல்ல மனுஷன், அதனால்தான் கஷ்டமாக இருக்கிறது.

"அறிக்கையில காரணம் எழுதணும்மா. எண்ணெ தேய்ச்சுத் தேய்ச்சு அந்த வண்ணம் ஊறித் தளந்துபோச்சு, தொட்டதும் வந்துட்டுன்னு எழுதிருவோம். நடந்திருக்கக் கூடியதுதான? உங்களுக்கு இன்னும் ரெண்டு மாசம். எதுக்கு வம்பு?"

"எண்ணெ தேய்ச்சது கொம்பையா."

"பேரு எல்லாம் எழுத வேண்டாம். பொதுவா எழுதலாம்."

இந்த மண்டபத்துக்கு இருபது வருஷமாக ஒரே காவலாளிதான். பொதுவாக எழுதினால் அது யார் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். உடனே முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

டிசம்பர் 20

வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருக்கிறேன். எண்ணெய் தேய்த்தது பொய் இல்லை. வண்ணம் தளர்ந்திருக்கலாம் என்பதும் முழுப் பொய் இல்லை. அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "உக்காரு உலகம்மா, தரை தேஞ்சுபோகும்" என்றார். உட்கார்ந்தேன். உடனே எழுந்துவிட்டேன்.

டிசம்பர் 23

எழுதிக் கொடுத்துவிட்டேன். எண்ணெயைக் காரணம் காட்டவில்லை, ஈரத்தையும் காட்டவில்லை. உதவியாளர் எச்சரித்தார், நான் கேட்கவில்லை, என் பார்வையில் குறை இருந்தது, சோதித்துக்கொள்ள வீட்டில் சொன்னார்கள், சோதிக்கவில்லை. கீழே கையெழுத்து. சம்சுதீன் சார் இரண்டு தடவை படித்துவிட்டு, "சரிம்மா" என்றார்.

பொறுப்பு பரிதிக்கு மாறுகிறது. நான் மேற்பார்வை என்று பேருக்கு இருப்பேன். மனசு ஆறவில்லை. ஆறும் என்று எல்லோரும் சொல்கிறார்கள், அவர்களுக்கு என்ன தெரியும்?

ஜனவரி 4

பரிதி முதலில் ஒரு காப்பு வார்னிஷ் பூசினான். அதன் மேல்தான் மஞ்சள். பின்னால் வருகிறவர்களுக்கு வேண்டாமென்றால், அடியில் உள்ளதைத் தொடாமல் துடைத்துவிடலாம். ஓவியர் போட்ட மஞ்சள் அடிமடிப்பில் விரலகலத்துக்கு மிச்சமிருந்தது. நல்லவேளை, அங்கே நான் குச்சி வைக்கவில்லை. அதைப் பார்த்துத்தான் கலக்கினான். மூன்று தடவை கலக்கி மூன்று தடவையும் கொட்டினான்.

"மேடம், வலது கண்ணால பாருங்க. சரியா?"

எனக்குச் சரி என்றுதான் தோன்றியது. "கொம்பையாவையும் கேளு" என்றேன். இனி எப்போதும் இன்னொருவரைக் கேட்காமல் நான் ஒரு நிறத்தையும் சொல்லப்போவதில்லை.

தூரிகையைப் பிடிக்க என் விரல் துடித்தது. கையைக் கட்டிக்கொண்டேன். அவன் கை நன்றாக ஓடுகிறது. ஓடட்டும்.

ஜனவரி 18

தை பிறந்தாயிற்று. திறப்புக்கு இன்னும் சில நாள் இருக்கிறது. சங்கரவடிவு நாச்சியார் முன்கூட்டியே வந்தார், கையில் தட்டு, அதில் மஞ்சள் சேலையும் குங்குமமும். படத்தின் முன்னால் வைத்தார். அண்ணாந்து பார்த்தார். இளைய ராணி கழுத்தைச் சாய்த்து, மஞ்சள் கட்டிக்கொண்டு நிற்கிறாள். அந்தம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. விழுந்து கும்பிட்டு எழுந்தார்.

"யாரு சரி பண்ணுனது?"

பரிதி வாயெடுத்தான். "மேடம்தாங்க கூட இருந்து..."

"மஞ்சள் போட்டது இந்தத் தம்பி" என்றேன். "அழிச்சது நான்."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

"கண்ணுல கோளாறுன்னு சொன்னாவ. நெறம் தெரியாம இருந்திருக்கும், சரி. கழுத்துல தாலி கெடந்துதே, அதுவுமா தெரியல?"

"தெரிஞ்சுதும்மா. தாலியப் பாத்தேன், பொட்டப் பாத்தேன். இந்தத் தம்பி கையப் பிடிச்சுத் தடுத்தான். அத்தனைக்கும் மேல நான் என் கண்ணத்தான் நம்புனேன்."

 அவர் தட்டிலிருந்த குங்குமத்தை எடுத்துப் பரிதியின் நெற்றியில் வைத்தார். "வாரேன் தம்பி" என்று அவனிடம் மட்டும் சொல்லிக்கொண்டு போனார்.